ஃபயர்வால் பெட்டியில் டெபியன்: ஏறிவிட்டது, ஆனால் நாலு நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ரீபூட் ஆகிறது

#1 · ரேக்_மூலை

வணக்கம். ஓர் அலுவலகத்தில் கழித்துக் கட்டிய ஃபயர்வால் பெட்டி ஒன்று கைக்கு வந்தது. முன்பக்கம் ஆறு ஈத்தர்நெட் போர்ட், இரண்டு வரி எல்சிடி, நாலு பட்டன், கன்சோல் என்று எழுதிய ஆர்ஜே45 துளை, இரண்டு யூஎஸ்பி. மானிட்டர் செருக இடமே இல்லை. லைசென்ஸ் எப்போதோ முடிந்துவிட்டது, அப்டேட்டும் நின்றுவிட்டது. பிராண்டைச் சொல்வதில் பயனில்லை. இந்த மாதிரிப் பலகையை ஒருவர் செய்ய, நாலு பேர் அவரவர் ஸ்டிக்கரை ஒட்டி விற்கிறார்கள்.

மூடியைத் திறந்தால் செலரான் 440, 1 ஜிபி டிடிஆர்2, ஒரு காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு, யாரும் தொடாத ஒரு சாட்டா முனை. ஆறு போர்ட்டுக்கும் இன்டெல் 82574எல். மானிட்டர் இல்லாத பழைய பிசி, அவ்வளவுதான்.

பயாஸில் யூஎஸ்பியிலிருந்து பூட் செய்யும் வழி தெரியவில்லை. அதனால் ஒரு எஸ்எஸ்டியை வேறொரு பிசியில் மாட்டி, டெபியன் 13 லினக்ஸை நிறுவி, கன்சோலை சீரியலுக்குத் திருப்பிவிட்டு, எஸ்எஸ்டியை இங்கே கொண்டுவந்து மாட்டினேன். முதல் தடவையே லாகின் வந்தது. சந்தோஷத்தில் நாற்காலியை விட்டு எழுந்து திரும்பி வருவதற்குள் மறுபடி பயாஸ் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து இதே கதை. லாகின் வரும், நாலு நிமிடம் போல ஓடும், பட்டென்று ரீபூட். ஜர்னலில் (லினக்ஸின் பதிவேடு) ஒன்றும் இல்லை, வரி பாதியில் அறுந்து நிற்கிறது. கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) பேனிக் ஆனதாகச் செய்தியும் இல்லை.

இன்னொன்று, சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை: பவர் போடும்போதும் அணைக்கும்போதும் முன்பக்கம் போர்ட்டுகளுக்குப் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம்.

#2 · தூசிதட்டி

சூடு அல்லது பவர் சப்ளை. இந்தப் பெட்டிகள் வருடக்கணக்கில் அணைக்காமல் ஓடியவை. கெபாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா பாருங்கள். ஹீட்சிங்க்குக் கீழே இருக்கும் பேஸ்ட் சுண்ணாம்பாகி இருக்கும், துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அப்புறம் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி ஓட்டுங்கள்.

#3 · ரேக்_மூலை

பேஸ்ட் மாற்றினேன். சென்சார் 47 டிகிரி காட்டுகிறது. கெபாசிட்டர் எல்லாம் தட்டையாகத்தான் இருக்கின்றன. ரேமைக் கழற்றி வேறு பிசியில் மெம்டெஸ்ட் ஓட்டினேன், சுத்தம். இந்தப் பெட்டியிலேயே ஓட்டலாம் என்றால் மெம்டெஸ்ட்டும் நாலு நிமிடத்தில் ரீபூட் ஆகிவிடுகிறது!

#4 · பாட்ரேட்

கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. மெம்டெஸ்ட் ஓடும்போது லினக்ஸே இல்லை, அப்படியும் ரீபூட் ஆகிறது என்றால் டெபியன் மேல் பழி போட முடியாது.

ஒன்று செய்யுங்கள். லினக்ஸை எழுப்பிவிடும் க்ரப்பின் மெனுவில் அம்புக்குறியை ஒருமுறை தட்டினால் எண்ணிக்கை நின்றுவிடும். அப்படியே விட்டுவிட்டு ஸ்டாப்வாட்ச்சோடு உட்காருங்கள். "நாலு நிமிடம் போல" என்பது போதாது, நொடிக்கணக்கு வேண்டும். மூன்று தடவை அளந்து மூன்றையும் போடுங்கள். சூடோ பவர் சப்ளையோ காரணமாக இருந்தால் மூன்றும் மூன்று விதமாக இருக்கும்.

#5 · கேபிள்_சிக்கல்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடமும் இதே மாதிரி ஒரு பெட்டி. கன்சோல் கேபிள் செருகினால் பயாஸ் ஓடுவது தெரிகிறது, ஆனால் நான் தட்டும் எழுத்து எதுவும் போகவில்லை. க்ரப் வந்ததும் ஒவ்வொரு எழுத்தும் இரண்டிரண்டாக வருகிறது. அதற்கப்புறம் முழுக்கக் குப்பை. கேபிள் போச்சா?

#6 · பாட்ரேட்

கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு இருப்பது மூன்று தனித்தனிக் கோளாறுகள், ஒன்றோடொன்று போட்டுக் குழப்பாதீர்கள்.

தட்டுவது போகவில்லை என்றால் மினிகாம் என்ற சீரியல் மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் இயல்பாகவே ஆனில் இருக்கும். இந்தப் பெட்டிகளின் கன்சோலில் பெரும்பாலும் மூன்று கம்பிதான் வேலை செய்யும்: அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, கிரவுண்ட் ஒன்று. அனுப்பலாம் என்ற சைகை எதிர்முனையிலிருந்து வரவே வராது, மினிகாமும் பொறுமையாகக் காத்துக்கொண்டே இருக்கும். அமைப்பில் போய் அதை அணையுங்கள், அல்லது பிகோகாமுக்கு மாறுங்கள்.

க்ரப்பில் இரட்டை எழுத்து வருவது, பயாஸும் திரையை சீரியலுக்கு அனுப்புகிறது, க்ரப்பும் தன் பங்குக்கு அனுப்புகிறது என்பதால். இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள். பயாஸ் மெனுவில், சோதனை முடிந்த பிறகும் கன்சோல் திருப்பலைத் தொடரவா என்ற வகையில் ஒரு தேர்வு இருக்கும். அதை அணைப்பது என் வழக்கம்.

குப்பை வந்தால் வேகம் பொருந்தவில்லை. பயாஸ் ஒரு வேகம், கெர்னல் வேறு வேகம். 9600, 19200, 38400, 115200 என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எதில் எழுத்து தெளிவாக வருகிறதோ அதையே பயாஸ், க்ரப், கெர்னல் மூன்றுக்கும் கொடுங்கள். கெர்னல் வரியில் கன்சோல் இரண்டு தடவை வரலாம். கடைசியாக எழுதியதுதான் முதன்மைக் கன்சோல். எனவே டிடிஒய்0 (திரை) முதலில், டிடிஒய்எஸ்0 (சீரியல்) கடைசியில். அப்படிக் கொடுத்தால் லாகின் வரியை, லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி தானே சீரியலில் எழுப்பிவிடும், தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம்.

இனிமேல் இதைத் தனி இழையில் கேளுங்கள்.

#7 · கேபிள்_சிக்கல்

ஃப்ளோ கன்ட்ரோலேதான். இதற்காக இரண்டு கேபிளைத் தூக்கி எறிந்தேன். நன்றி.

#8 · ரேக்_மூலை

அளந்தேன். பயாஸ் கடைசியாக 'பீப்' அடிப்பதிலிருந்து ரீபூட் வரை: க்ரப்பில் 4 நிமிடம் 15 நொடி. மறுபடி க்ரப்பில் 4:16. டெபியனில் 4:15. என் விரல் வேகத்தில் ஒரு நொடி கூடக் குறைய இருக்கலாம்.

#9 · மூன்றாம்_ஊசி

4 நிமிடம் 15 நொடி என்றால் 255 நொடி!

எட்டு பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண். கெபாசிட்டருக்கு இந்த எண் தெரியாது, ஒரு ரெஜிஸ்டருக்குத்தான் தெரியும். உள்ளே ஹார்டுவேர் வாட்ச்டாக் ஓடுகிறது. பலகையில் வின்பாண்ட் என்று எழுதிய, நாலு பக்கமும் கால் முளைத்த சிப் ஒன்று இருக்கும், எண்ணைப் படித்துச் சொல்லுங்கள்.

நடப்பது இதுதான். இந்தப் பெட்டி யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் கிடக்க வேண்டியது. மென்பொருள் தொங்கிவிட்டால் போய் பட்டன் அழுத்த ஆள் கிடையாது. அதனால் பயாஸ் வேலை முடித்துக் கிளம்பும்போது ஒரு எண்ணியை ஓடவிட்டுப் போகிறது. ஃபயர்வால் மென்பொருள் அதைக் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை திரும்ப ஏற்றிவிட வேண்டும். ஏற்றாமல் விட்டால், 'ஆள் செத்துவிட்டான்' என்று முடிவு கட்டி ரீசெட் கம்பியை இழுத்துவிடும். நீங்கள் பழைய மென்பொருளை அனுப்பிவிட்டீர்கள், காவல் நாய்க்கு அந்தச் செய்தி போகவில்லை.

#10 · ரேக்_மூலை

வின்பாண்ட் 83627 என்றுதான் ஆரம்பிக்கிறது! பயாஸ் மெனுவை மூன்று முறை புரட்டிவிட்டேன், வாட்ச்டாக் என்ற சொல்லே அதில் இல்லை.

#11 · மூன்றாம்_ஊசி

மெனுவில் இல்லாவிட்டால் போகட்டும், லினக்ஸில் டிரைவர் இருக்கிறது. சிப் பெயருக்குப் பின்னால் டபிள்யூடிடி என்று முடியும் மாட்யூல். இது மாதிரி சூப்பர் ஐஓ சிப்புகள் (சீரியல், கீபோர்டு போன்ற சில்லறை வேலைகளைப் பார்ப்பவை) பிசிஐ கார்டு மாதிரி தாங்களாகக் கை தூக்காது, அதனால் அது தானாக ஏறாது. மாட்ப்ரோப் கட்டளையால் நீங்களே ஏற்றுங்கள்.

#12 · ரேக்_மூலை

செய்தேன். இப்போது சரியாக ஒரு நிமிடத்தில் ரீபூட் ஆகிறது. முன்னைக்கு மோசம்.

#13 · மூன்றாம்_ஊசி

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். முழுதாகச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

அந்த டிரைவர் ஏறும்போது, நாய் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எண்ணியைத் தன் இயல்பு அளவான 60 நொடிக்கு மாற்றி வைக்கும். கெர்னல் செய்தியிலும் அப்படியே சொல்லியிருக்கும். 60 நொடிக்குள் யாராவது தீனி போட வேண்டும். நீங்கள் போடவில்லை, கடித்துவிட்டது. ஒரு விதத்தில் இது நல்ல செய்தி, சிப் நம் பேச்சைக் கேட்கிறது என்று தெரிந்துவிட்டது.

இரண்டு வழி இருக்கிறது. மாட்யூலுக்கு எர்லி டிசேபிள் என்ற அளவுருவை 1 என்று கொடுத்தால், ஏறிய உடனே எண்ணியை நிறுத்திவிடும். அல்லது சிஸ்டம்டியிடம் பொறுப்பை விடுங்கள்: சிஸ்டம் கான்ஃப் கோப்பில் ரன்டைம் வாட்ச்டாக் என்று தொடங்கும் வரியை 30 நொடி என்று மாற்றுங்கள். சொன்ன அளவில் பாதி நேரத்துக்கு ஒருமுறை, அதாவது 15 நொடிக்கு ஒருமுறை அதுவே தீனி போடும். எந்த வழி என்றாலும் மாட்யூல் பூட்டின் தொடக்கத்திலேயே ஏற வேண்டும், எனவே இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சின்னக் கோப்பு மூட்டை) மாட்யூல் பட்டியலில் பெயரைச் சேர்த்து அதைத் திரும்பக் கட்டுங்கள்.

#14 · தூசிதட்டி

சூடு என்று சொன்னது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாட்ச்டாக்கை உயிரோடு வைக்கச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பவர் போய் வந்து டிஸ்க் சோதனை ஓடுகிறது, அது ஐந்து நிமிடம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ரீசெட். மறுபடி சோதனை, மறுபடி ரீசெட். விடிய விடிய இதே சுற்று. அணைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

#15 · பாட்ரேட்

அந்தப் பயம் நியாயமானது, ஆனால் இங்கே பொருந்தாது. சிஸ்டம்டி இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கு வெளியே வந்ததுமே தீனி போடத் தொடங்கிவிடும், சின்ன எஸ்எஸ்டியில் ரூட் பகுதியின் சோதனை நொடிகளில் முடிந்துவிடும். பெரிய டிஸ்க்கை இதில் தொங்கவிட்டு ஃபைல் சர்வர் ஆக்கினால் நீங்கள் சொல்வது சரி. மூலையில் கிடக்கும் ரூட்டருக்கு நாய் இருப்பதுதான் நல்லது. ஊருக்குப் போயிருக்கும்போது பெட்டி தொங்கினால் என்ன செய்வீர்கள்?

க்ரப் மெனுவில் நாலு நிமிடத்துக்கு மேல் யோசித்துக்கொண்டு நிற்க முடியாது, அது ஒன்றுதான் இழப்பு.

#16 · ரேக்_மூலை

சிஸ்டம்டி வழியில் போனேன். இதை எழுதும்போது அப்டைம் 19 மணி நேரம். காபி குடித்துவிட்டு வரும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன், இன்னும் நம்பிக்கை வரவில்லை.

இதே வழியில் வருபவர்களுக்கு, நான் இடறிய இடங்கள். வேறு பிசியில் நிறுவும்போது அங்கே லெகசி பயாஸ் முறையில் பூட் செய்து நிறுவுங்கள். இந்தப் பெட்டிக்கு, பயாஸுக்கு அடுத்து வந்த யூஈஎஃப்ஐ என்றால் என்னவென்றே தெரியாது. இதைக் கவனிக்காமல் ஒரு முறை முழுதாக நிறுவி வீணாக்கினேன். டெபியனின் இனிட்ராம்எஃப்எஸ் பெரும்பாலான டிரைவர்களையும் கட்டிக்கொண்டு வருவதால் டிஸ்க்கை இடம் மாற்றினாலும் பூட் ஆகிறது. ஃபெடோரா மாதிரி, நிறுவிய கணினிக்குத் தேவையானதை மட்டும் கட்டும் டிஸ்ட்ரோ என்றால் பொதுவான இனிட்ராம்எஃப்எஸ் ஒன்றைக் கட்டிவிட்டு மாற்றுங்கள்.

நெட்வொர்க் பெயர்களும் மாறும். அந்தப் பிசியில் ஈஎன்பி3எஸ்0 என்று இருந்தது, இங்கே ஈஎன்பி2எஸ்0 முதல் ஈஎன்பி7எஸ்0 வரை ஆறு. எது எந்தத் துளை? ஈத்டூலில் சின்ன பி விருப்பத்தைக் கொடுத்தால் அந்தப் போர்ட்டின் விளக்கு மினுக்கும். ஒவ்வொன்றாக மினுக்கவிட்டு, சின்னத் துண்டுக் காகிதம் ஒட்டிக்கொண்டு வந்தேன். பெட்டியில் 1 என்று அச்சடித்திருப்பது லினக்ஸுக்குக் கடைசி, 6 என்பது முதல். முழுக்கத் தலைகீழ். லிங்க் கோப்பு எழுதி மேக் முகவரியை வைத்து போ1, போ2 என்று பெயரிட்டுவிட்டேன்.

அடுத்து விபிஎன். இந்த செலரான் தாங்குமா?

#17 · வழி_திறந்தவன்

நீங்கள் ரூட்டருக்கென்றே செய்த ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டிருக்கலாம். எக்ஸ்86 இமேஜ் இருக்கிறது, சின்ன கார்டிலேயே அடங்கும், வெப் பக்கம் தயாராக வரும். டெபியனை ரூட்டராக்குவது சட்டை தைக்கப் பருத்தி விதைப்பது மாதிரி.

#18 · பாட்ரேட்

விதைப்பதில்தான் இவருக்கு ருசி, விடுங்களேன். என்எஃப்டேபிள்ஸில் நாற்பது வரி ஃபயர்வால் விதி, ஐபி ஃபார்வர்டுக்கு ஒரு வரி, முகவரி கொடுக்க டிஎன்எஸ்மாஸ்க் ஒன்று. வேலை முடிந்தது.

விபிஎன் பற்றி: செலரான் 440-இல் ஏஈஎஸ் மறையாக்கத்துக்கான கட்டளைகள் கிடையாது, அவை இன்டெலில் 2010-இல்தான் வந்தன. ஏஈஎஸ் நம்பும் ஓப்பன்விபிஎன் திணறும். வயர்கார்டு போடுங்கள். அதன் சாச்சா20 மறையாக்கம் சாதாரணக் கூட்டல், சுழற்றல், எக்ஸ்ஓஆர்தான், பழைய சிப்பிலும் ஓடிவிடும். 2020-இல் வந்த 5.6 முதல் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக நிறுவ வேண்டியது கருவிகள் மட்டும்.

உங்கள் 82574எல் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக வருவது அதிர்ஷ்டம். இதற்கு முந்தைய தலைமுறைப் பெட்டிகளில் எல்லா போர்ட்டும் ஒரே 32 பிட் பிசிஐ பஸ்ஸில் தொங்கும். 33 மெகாஹெர்ட்ஸில் மொத்தமே நொடிக்கு 133 மெகாபைட், வருவதும் போவதும் எல்லாரும் பங்கு போட வேண்டும். ஜிகாபிட் என்று முகப்பில் அச்சடித்திருப்பதை அங்கே நம்பக் கூடாது.

#19 · மூன்றாம்_ஊசி

எஸ்எஸ்டி இல்லாமல் காம்பாக்ட் ஃப்ளாஷிலேயே நிறுவ நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சில பலகைகளில் கார்டு சாக்கெட்டுக்கு டிஎம்ஏ (சிபியூவைத் தொடாமல் தரவை நேராக ரேமுக்கு மாற்றும் முறை) கம்பிகளை இழுத்திருக்க மாட்டார்கள். கார்டோ 'எனக்கு டிஎம்ஏ தெரியும்' என்று சொல்லும். கெர்னல் அதை நம்பி ஒவ்வொரு முறையும் காத்திருந்து ஏமாந்து, பூட் பத்து நிமிடம் இழுக்கும். கெர்னல் வரியில் லிப்ஏடிஏ டிஎம்ஏ அளவுருவை 3 என்று கொடுங்கள்: டிஸ்க்குக்கும் சிடிக்கும் டிஎம்ஏ உண்டு, காம்பாக்ட் ஃப்ளாஷுக்கு மட்டும் இல்லை என்று பொருள். உங்களை மாதிரி 255 நொடி நாயும் கூடவே இருந்தால் அந்தப் பெட்டி லாகினையே பார்க்காது.

அந்தப் பழைய கார்டை என்ன செய்தீர்கள்? அழிப்பதற்கு முன் டிடி கட்டளை போட்டு ஓர் இமேஜ் எடுத்து வையுங்கள், எல்சிடி எப்படி இயங்குகிறது என்பதற்கெல்லாம் அதில்தான் துப்பு கிடைக்கும். அதே கார்டில் பழைய அலுவலகத்தின் விபிஎன் சாவிகளும் கடவுச்சொற்களும் இருக்கலாம், எனவே தேவை முடிந்ததும் கார்டு, இமேஜ் இரண்டையும் ஒழித்துவிடுங்கள்.

#20 · கேபிள்_சிக்கல்

ஒரு கேள்வி, இதுவே கடைசி. நான் இன்னொரு பெட்டி பார்த்து வைத்திருக்கிறேன், ஆட்டம் சி2000 வரிசை. ஏஈஎஸ் உண்டாம். எடுக்கலாமா?

#21 · பாட்ரேட்

சிப்பின் ஸ்டெப்பிங் (திருத்தப் பதிப்பு) என்னவென்று பார்க்காமல் எடுக்காதீர்கள். அந்த வரிசையின் முதல் தயாரிப்புகளில் எல்பிசி (பயாஸ் சிப்போடு பேசும் கம்பி) கடிகார சைகை காலப்போக்கில் செத்துப்போகும் பிழை இருந்தது. இன்டெலே 2017-இல் ஏவிஆர்54 என்ற எண்ணில் பிழைக்குறிப்பில் சேர்த்தது. செத்தால் பயாஸைக்கூடப் படிக்க முடியாமல் பெட்டி ஊமையாகிவிடும். சி0 ஸ்டெப்பிங்கில் சரி செய்துவிட்டார்கள். பழையது என்றால் சிலர் ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்து உயிர் கொடுக்கிறார்கள். கை நடுங்காது என்றால் வாங்குங்கள்.

#22 · ரேக்_மூலை

அப்டைம் ஒன்பது நாள். எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று இழையை முடிக்க வந்தவன், வேறொரு கதையோடு வந்திருக்கிறேன்.

நேற்று கேஸ் விசிறியை மாற்றப் பெட்டியை அணைத்தேன். பிளக்கையே பிடுங்கிவிட்டேன். பக்கத்தில் லேப்டாப்பில் இணையம் போய்விடும் என்று நினைத்தால், ஒரு நொடி விக்கிவிட்டுத் தொடர்ந்து ஓடுகிறது. மின்சாரமே இல்லாத ரூட்டர் வழியாக! லேப்டாப்பின் ஐபியைப் பார்த்தால் நான் கொடுத்தது இல்லை, மோடம் நேராகக் கொடுத்தது. மோடம் போர்ட் 1-இல், உள் சுவிட்ச் போர்ட் 2-இல். ஏதாவது பில்லி சூனியமா?

#23 · மூன்றாம்_ஊசி

முதல் பதிவிலேயே 'டக்' என்று எழுதியிருந்தீர்கள், நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அது ரிலே, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். போர்ட்டுகளுக்குப் பின்னால் வெள்ளையாகவோ கறுப்பாகவோ சின்னச் செவ்வகக் கட்டிகள் வரிசையாக இருக்கும், பாருங்கள்.

இதற்கு லேன் பைபாஸ் என்று பெயர். ஃபயர்வால் செத்தாலும் அலுவலகத்தின் இணையம் சாகக் கூடாது என்று நினைப்பவர்களுக்காக வைத்தது. மின்சாரம் போனால் ரிலே விழுந்து, போர்ட் 1-இன் கம்பிகளையும் போர்ட் 2-இன் கம்பிகளையும் நேரடியாக ஒட்டிவிடும். இரண்டு துளைகளுக்கு நடுவில் வெறும் கேபிள் இருப்பது மாதிரி. பெட்டி எழுந்ததும் 'டக்', பிரிந்துவிடும்.

அதாவது பெட்டி அணைந்திருந்த நேரம் முழுக்க உங்கள் உள்வலையும் மோடமும் ஒரே கம்பி. உங்கள் நாற்பது வரி என்எஃப்டேபிள்ஸ் எதுவும் அங்கே இல்லை. சில பலகைகளில் வாட்ச்டாக் கடித்தாலும் ரிலே விழும்படி கட்டியிருப்பார்கள்.

மென்பொருளால் கட்டுப்படுத்தலாம், ஆனால் எந்த ஜிபிஐஓ கால் (மென்பொருள் ஆட்டுவிக்கும் சிப் முனை) என்பது பலகைக்குப் பலகை மாறும். கண்ணை மூடிக்கொண்டு பிட்டுகளைத் தட்ட வேண்டாம். கேபிளை மாற்றுங்கள், போதும்.

#24 · தூசிதட்டி

மாற்றும் முன் ஒவ்வொரு ஜோடியையும் சோதியுங்கள். பெட்டியை அணைத்து, இரண்டு லேப்டாப்பை இரண்டு துளையில் செருகுங்கள், லேப்டாப்பில் லிங்க் விளக்கு எரிந்தால் அது பைபாஸ் ஜோடி. ஒரே சுவிட்ச்சிலிருந்து அப்படிப்பட்ட ஜோடிக்கு இரண்டு கேபிள் போட்டிருந்தால், அணைத்த நிமிடமே லூப் விழுந்து மொத்த வலையும் படுத்துவிடும். எனக்கு அனுபவம் உண்டு, காரணம் இன்றைக்குத்தான் புரிகிறது.

#25 · ரேக்_மூலை

சோதித்தேன். 1-2 ஜோடி, 3-4 ஜோடி. 5, 6 இரண்டும் சுத்தம், அவற்றுக்குப் பின்னால் ரிலேயே இல்லை. மோடத்தை 5-க்கும் உள் சுவிட்ச்சை 6-க்கும் மாற்றிவிட்டு மறுபடி பிளக்கைப் பிடுங்கினேன். லேப்டாப்பில் இணையம் செத்தது. இணையம் போனதற்குச் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

1 முதல் 4 வரை நாலு துளைக்கும் கறுப்பு டேப் ஒட்டியாச்சு.

பாக்கி இருப்பது எல்சிடி மட்டும். பெட்டி ஒழுங்காக ஓடினாலும் அதில் இன்னும் பழைய மென்பொருளின் 'தொடங்குகிறது, காத்திருக்கவும்' வரிதான் நிற்கிறது, பயாஸ் எழுதிவிட்டுப் போனது. எல்சிடியிலிருந்து வரும் பட்டை பலகையில் இரண்டாவது சீரியல் முனைக்குப் போகிறது.

#26 · பாட்ரேட்

சீரியல் என்றால் ஈஸியோ வகை எல்சிடியாக இருக்கலாம். எல்சிடியில் எழுதும் எல்சிடிப்ராக் மென்பொருளில் எச்டி44780 டிரைவரை எடுத்து, இணைப்பு வகையில் ஈஸியோ என்று கொடுங்கள். சாதனம் டிடிஒய்எஸ்1, வேகம் 2400. ஆமாம், 2400தான், பூஜ்யம் விட்டுப்போகவில்லை.

#27 · ரேக்_மூலை

வந்துவிட்டது! முதல் வரியில் பெட்டியின் பெயர், இரண்டாவதில் அப்டைம். மேல் பட்டனை அழுத்தினால் கீழே போகிறது, கீழ்ப் பட்டனை அழுத்தினால் மேலே போகிறது. போர்ட்டுகளும் தலைகீழ், பட்டன்களும் தலைகீழ், பலகை வரைந்தவர் ஒருவரேதான் போல. அமைப்புக் கோப்பில் இரண்டு எழுத்தை மாற்றினால் சரியாகிவிடும், நாளைக்குப் பார்க்கிறேன்.